தொட்டுக்கத்தானே!

பெரியவங்களே, தாய்மார்களே... காலையில இருந்து கையில பட்டையச் சுத்தி எல்லாருக்கும் பிரஷர் பார்த்தாச்சு. உப்பக் குறைங்கன்னு டாக்டரம்மா பொறுமையா எடுத்துச் சொல்லிட்டாங்க. எல்லாரும் தலையாட்டினீங்க. தலையாட்டுறதுல நம்ம டிப்போ ஆளுங்கள மிஞ்ச முடியுமா? நானும் ஒரு காலத்துல ஆட்டினவன்தான். ஆட்டிட்டு என்ன பண்ணேன்னு ஒரு குட்டிக் கதையாச் சொல்லிடறேன்... அஞ்சே நிமிஷம். அதுக்கப்புறம் சாப்பிடப் போலாம்.

நான் கொல்லிமலை பஸ்ல கண்டக்டர். டிரைவர் செங்கோடண்ணன். எழுபது கொண்டை ஊசி வளைவுங்க... எழுபது! பவர் ஸ்டியரிங் எல்லாம் அப்ப ஏது? மனுஷன் உடம்பையே ஸ்டியரிங் மேல சாய்ச்சு ஒடிப்பாரு. ஆனா பின்னால மடியில தூங்குற குழந்தை முழிக்காது. பாதி மலை ஏறினா காத்து மாறும், ஜன்னல் வழியா பலாப்பழ வாசம் வரும். "கண்டக்டரே, மலை வந்திருச்சு"ம்பாரு. தினமும் போற மலை! தினமும் சொல்லுவாரு.

ஒரு நாள் அடிவாரத்துல வண்டிய நிறுத்திட்டு, தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த டாக்டரம்மா பார்த்தாங்க. "நூத்தி அறுபது இருக்கு. மாத்திரையத் தவறாம போடுங்க. சாப்பாட்டுல உப்பக் குறைங்க. மூணு மாசத்துல இறங்கலைன்னா மலை வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதிடுவேன். அறுபது உசுரு உங்க கையில இருக்கு."

மலை வண்டி ஓட்டக்கூடாதா? அவரு வேகமாத் தலையாட்டினாரு, கூட நானும் ஆட்டினேன்.

அவரு சம்சாரம் பாவாயியக்கா அன்னைக்கே உப்பு ஜாடிய எடுத்துப் பரண் மேல போட்டுட்டாங்க. ரசத்துல உப்பில்ல. பருப்புல உப்பில்ல. புருஷனுக்கு இல்லாதது எனக்கெதுக்குன்னு அந்தம்மாவும் அதையேதான் சாப்பிட்டாங்க.

மத்தியானம் மலை மேல செம்மேட்டுல வண்டி நிக்கும். ரெண்டு பேரும் கேரியரத் திறப்போம். அண்ணன் ஒரு வாய் வைப்பாரு... தண்ணியக் குடிப்பாரு. இன்னொரு வாய்... வெளிய பார்ப்பாரு. எனக்குப் பொறுக்கலைங்க! என் வீட்டுக்காரி சரசு போட்ட நார்த்தங்காய் ஊறுகாய்ல ஒரு துண்டு எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம் கண்டக்டரே. டாக்டரம்மா உப்பு கூடாதுன்னாங்க."

"அண்ணா, அவங்க சாப்பாட்டுல கூடாதுன்னாங்க. இது சாப்பாடா? தொட்டுக்கத்தானே!"

யோசிச்சுப் பாருங்க... இந்த வார்த்தைய நாம எப்படிச் சொல்றோம்? சோத்தச் சாப்பிடுறோம், ஊறுகாயத் 'தொட்டுக்கறோம்'. தொட்டா உடம்புக்குள்ள போகாதா? முதல் நாள் ஒரு துண்டு. அப்புறம் ரெண்டு. அப்புறம் மோர் மிளகாய், அப்பளம், வடகம்... எல்லாமே தொட்டுக்கத்தானே! அண்ணன் முகத்துல பழைய சிரிப்பு வந்திருச்சு. நான் ஏதோ பெரிய புண்ணியம் பண்ணிட்ட மாதிரி கேரியரக் கழுவுவேன்.

மூணு மாசம் ஆச்சு. மூணு பேருமாப் போனோம். டாக்டரம்மா பட்டையச் சுத்தினாங்க... நூத்தி எழுபது! இறங்கலைங்க, ஏறியிருக்கு.

"ஏம்மா, சொன்னதக் கேட்டீங்களா இல்லையா?"

பாவாயியக்கா அழுதே போட்டாங்க. "ஏனுங் டாக்டரம்மா, மூணு மாசமா எங்கூட்டுச் சோத்துல ஒரு கல்லு உப்பில்லைங். வேணும்னா எங் கேரியர்ச் சோத்த வாயில வச்சுப் பாருங்."

செங்கோடண்ணனும், "ஆமாங், சத்தியமாங்"கறாரு. மனுஷன் பொய் சொல்லலைங்க! நெஜமாவே நம்புறாரு!

டாக்டரம்மா நம்ம சனத்த அறிஞ்சவங்க. மெதுவாக் கேட்டாங்க... "தொட்டுக்க என்ன?"

"தொட்டுக்கவாங்... அது நம்ம கண்டக்டரு கொண்டுவருவாருங்."

அப்படியே திரும்பி மூணு பேரும் என்னையப் பார்த்தாங்க. பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சுங்க. "பாவாயி காலையில குறைச்ச உப்ப எல்லாம், மத்தியானம் நீங்க திருப்பி உள்ள போட்டிருக்கீங்க"ன்னாங்க டாக்டரம்மா.

தொட்டுக்கறத விட்டதும் பிரஷர் இறங்குச்சு. ஆனா அதுக்குள்ள கண்ணுல ரத்தம் கசிஞ்சு பார்வை மங்கிருச்சு. முன்னாடியே ஆனதா, என் ஊறுகாயால ஆனதா... யாராலயும் சொல்ல முடியல. அதுக்கப்புறம் அவரு மலை வண்டியத் தொடவே இல்ல. டிப்போவுல ரெண்டு வருஷம் உக்கார்ந்து ரிடையர்டு ஆனாரு.

புது டிரைவரோட நான் வண்டி எடுத்த முதல் நாள், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்னாரு. டிரைவர் ஜன்னல் பக்கம் வந்து புது ஆளுகிட்ட, "தம்பி, ஏழாவது வளைவுல மண்ணு சரியும், பார்த்து ஒடி"ன்னாரு. அவ்வளவுதான். என்னைய ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலைங்க...

பாவாயியக்கா மட்டும் சொன்னாங்க: "உங்க மேல கோவம் இல்லீங்ணா. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்?"



அதனாலதான் கேக்குறேன்... நாளைக்கு டாக்டர் 'என்ன சாப்பிட்டீங்க'ன்னு கேட்டா, சோத்தையும் கொழம்பையும் சொல்லிட்டு வாய மூடிக்கப் போறீங்களா? டீயோட கொறிச்ச மிச்சரச் சொல்லுவீங்களா? கஞ்சிக்குக் கடிச்ச கருவாட்டச் சொல்லுவீங்களா? சொல்லுங்க. தொட்டதும் தின்னதுதான்.

இங்க பிரஷர் இல்லாத புண்ணியவான்களே, உங்களுக்கும் ஒண்ணு. பக்கத்துல ஒருத்தர் உப்பில்லாமச் சாப்பிட்டா, பாவம்னு அவரு இலையில எதையும் வைக்காதீங்க. பாசம் இருந்தா அந்த உப்பில்லாத ரசத்த அவரோட சேர்ந்து நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க. நான் அதைத்தான் செஞ்சிருக்கணும்... செய்யலைங்க.