நல்ல தண்ணி

எங்கள் பக்கம் குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்கு நல்ல தண்ணி என்று பேர். போர்க் கிணற்றில் வருவது உப்புத் தண்ணி. இதைத் தெரிந்துகொண்டால் நான் சொல்லப்போவது முழுக்கப் புரிந்துவிடும், ஐயா.

என் மகள் கிருத்திகா பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது மீன்தொட்டியை என்னிடம் ஒப்படைத்தாள். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, நாலு கோல்டு பிஷ். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருசம் வெல்டிங் வேலை பார்த்த கைக்கு அதெல்லாம் புதுசு. ஒரு நாள் தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தது. பிள்ளை மெச்சட்டும் என்று தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்து, பில்டர் பஞ்சைத் துணி கசக்குவதுபோல் கசக்கி, விளிம்பு வரை நல்ல தண்ணி பிடித்து ஊற்றினேன். அரை மணி நேரத்தில் நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

“நல்ல தண்ணியத்தானே சாமி ஊத்துனேன்” என்றேன்.

“அது நமக்கு நல்ல தண்ணிங்கப்பா. அதுல குளோரின் இருக்குது, ஒரு நாள் புடிச்சு வெச்சுட்டுத்தான் ஊத்தோணும். பஞ்சுல இருக்கற கிருமிதான் மீன் கழிவைத் தின்னு தண்ணியக் காப்பாத்துது. அதைக் கழுவுனா அமோனியா ஏறிப்போயிருமுங்க.”

தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொட்டு மருந்தும் வாங்கித் தந்தாள். மஞ்சளாக இருந்தால் சரி, பச்சை ஏறினால் ஆபத்து.

மூன்று நாள் இருந்தாள். மூன்று நாளும் வீடு வீடாக இருந்தது. அவள் போனபின் என் மனைவி சாரதாமணியும் நானும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி வந்துவிடமாட்டாளா என்று இருந்தது எனக்கு. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

முதல் தடவை தெரியாமல் செய்தது. அடுத்த தடவைகள் அப்படியல்ல. புதன்கிழமை பஞ்சைக் கழுவினால் வெள்ளிக்கிழமை பச்சை ஏறும். சனிக்கிழமை காலையில் அவள் வாசலில் நிற்பாள். சாகவிடக் கூடாது, நோகவேண்டும், அவ்வளவுதான். ஆனால் மீன் எத்தனை தடவை தாங்கும். ஆடிக்குள் நாலும் போய்விட்டன. கடைசி மீனை ரோஜாத் தொட்டியில் புதைத்துவிட்டு, “இனி மீனே வேண்டாங்கப்பா” என்று போனவள் நாலு மாசம் வரவில்லை. வேலை அதிகம் என்றாள். பொய் சொல்கிற பிள்ளையல்ல.

சாரதாமணிக்குப் பிரஷர் இருந்தது. கிட்னியும் பலவீனம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். முழங்கால் வலியில் அவள் கட்டிலைவிட்டு இறங்குவதே அபூர்வம், அதனால் சமையலை நானே எடுத்துக்கொண்டேன். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிற ஆளைக் கண்டதில்லை என்று எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டியே பேசியது.

“ஏனுங்க, கஞ்சி கரிக்குதுங்களே” என்பாள்.

“நல்ல தண்ணி வரலை புள்ள. போர்த் தண்ணியிலதான் வெச்சேன்.”

நான் சொன்னால் அவளுக்குச் சரி. குடித்துவிடுவாள். கால் வீங்கும், மூச்சு வாங்கும், நான் போன் செய்வேன், மகள் வருவாள். அவள் வந்ததும் உப்பை நிறுத்துவேன். இவள் எழுந்து உட்காருவாள். இரண்டு தடவை அப்படித் தேறினாள். மூன்றாவது தடவை, கிருத்திகா ஓசூர் தாண்டி வந்துகொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று காலையில் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, “நாளைக்காச்சும் நல்ல தண்ணி வந்துருமுங்களா?” என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஐயா.

காரியம் முடிந்த அன்று மகள் அடுப்படியில் வந்து நின்றாள்.

“கஞ்சி கரிக்குது, பாவம் அப்பா போர்த் தண்ணியில வெக்கறாருன்னு அம்மா போன்ல சொன்னாங்க. போர்தான் போன கோடையிலயே வத்திப்போச்சுங்களேப்பா?”

உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். சரிதான். உப்பைப் போட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கவேண்டும். கேஸ் என்று நடந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் பெங்களூரிலிருந்து வந்தாகவேண்டும்தானுங்களே?