தொண்ணூற்றொன்று

தேநீர் ஆறிப்போனதற்கு வருத்தப்படாதீர்கள் ஐயா, எனக்குச் சூடாகக் குடித்துப் பழக்கமில்லை. நீங்கள் பாட்டுக்கு எழுதுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். கணக்கு வரும் இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டுக் கவனியுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவசியம் என்று படுகிறது.

எங்களுடையது பற்சக்கரம் செய்யும் பட்டறை. கோத்து ஓடும் இரண்டு சக்கரங்களின் பல் எண்ணிக்கைக்கு ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இருக்கக் கூடாது. அப்போதுதான் இதன் ஒவ்வொரு பல்லும் அதன் எல்லாப் பற்களோடும் முறைவைத்து மோதும், தேய்மானம் பங்கு பிரிந்துவிடும். பெரிய சக்கரத்துக்குப் பகா எண்ணாகப் பார்த்து வைத்தால் தலைவலி இல்லை.

அங்கே வரைபடப் பிரிவுக்குத் தலைவன் என் தங்கை புருஷன். எனக்கு வரவேண்டிய நாற்காலி அது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், அதுதான் அவன் தகுதி. ஒரு கிடங்கின் சரக்கு லிஃப்டுக்காகப் பெரிய சக்கரத்தில் தொண்ணூற்றொரு பல், சின்னதில் இருபத்தாறு என்று போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"தொண்ணூத்தொண்ணு பகா எண்ணா?" என்று கேட்டேன்.

"பார்த்தாலே தெரியுதே மச்சான். ரெண்டுல போகாது, மூணுல போகாது, அஞ்சுல போகாது. சும்மா நோண்டாம கையெழுத்தப் போடுங்க."

பார்த்தாலே தெரிகிறதாம். வாய்ப்பாட்டைப் பன்னிரண்டோடு மூடி வைத்தவர்களிடம் அந்த எண் அகப்படவே அகப்படாது. ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. இருபத்தாறுக்குள்ளும் அதே பதிமூன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆகவே சின்னச் சக்கரத்தின் ஒரு பல், பெரியதில் அதே ஏழு பற்களைத்தான் ஆயுசுக்கும் அடிக்கும். மற்றதை எட்டிக்கூடப் பார்க்காது.

கையெழுத்துப் போட்டேன். சோதனைப் பிரிவு என் பொறுப்பு. கழித்துப் போட்ட சரக்கில், ஒரு பல் மட்டும் மூளியான சின்னச் சக்கரம் கிடந்தது. அதைத் துடைத்து, தேர்ச்சி முத்திரை குத்தி அனுப்பிவைத்தேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் அந்த லிஃப்டில் ஏறிப் போவது எனக்குத் தெரியும். ஆள் ஏறக் கூடாது என்று பலகை தொங்குகிறது. படிக்காதவனுக்கு நான் என்ன செய்ய முடியும்? பற்கள் உடைந்தன, லிஃப்ட் விழுந்தது, மூன்று பேர் செத்தார்கள்.

விசாரிக்க வந்த பொறியாளர்கள் இரும்பு சரியில்லை என்று முடித்துவிட்டார்கள். பெரிய சக்கரத்தில் பதிமூன்று பல்லுக்கு ஒன்றாக, கச்சிதமாக ஏழு பல் உடைந்திருக்கிறது. அத்தனை படித்த மண்டைகளில் ஒன்றுக்கும் அது உறைக்கவில்லை.

தங்கை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவர் மேல ஒரு தப்பும் இல்லைன்னு எழுதிட்டாங்கண்ணா. இனிமே அவருக்கு ஒரு குறையும் வராது."

எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமல் நானே காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன்.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். செத்தவர்களில் ஒருவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றீர்கள், பாவம்தான். ஆனால் காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று போட்டிருக்கிறீர்களே, அதை முதலில் அடியுங்கள். ஏழால் வகுக்கத் தெரியாதவன் மேல் எனக்கு என்ன பொறாமை?