வலையில் சிக்காத உப்பு

குன்றின் குளிரையும் பொருட்படுத்தாது கூடியிருக்கும் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் அர்த்தநாரி அவர்களே, உப்பு நீக்கும் வடிகட்டியை நமக்கு அமைத்துத் தந்து, அதைத் திறந்து வைக்கவும் வந்திருக்கும் பொறியாளர் ஓம்பிரகாஷ் அவர்களே, குண்டனி நாட்டுப் பெரியோர்களே, குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நிற்கும் தாய்மார்களே, மேடையோரம் அடுப்பில் வாணலி ஏற்றியிருக்கும் பாவாயி அக்கா அவர்களே, வணக்கம்.

மிளகு நாற்று வளர்க்கும் இந்தக் கலைமணியை நன்றியுரை சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள், நன்றி. தண்ணீர் வந்தது; நன்றி. உப்பாக வந்தது, அதற்கும் நன்றி. இனி இது எதற்கு என்று, மலை ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் தந்துகொண்டிருந்த நம் ஊற்றுக் குழாயைப் பிடுங்கிப் போட்டார்களே, அதற்கு மட்டும் எனக்கு நாக்கு எழவில்லை.

“உப்புக் கரிக்குதுங்க” என்று பொறியாளர் ஐயாவிடம் ஓடினோம். ஐயா என்ன செய்தார்? தொட்டி வாயில் வலை கட்டி, இதுதான் வடிகட்டி என்றார். மணல் சிக்கும், மண் சிக்கும், பாசி சிக்கும். உப்பு சிக்குமா? கல்லாக இருக்கும்வரைதான் அது கைக்கு அகப்படும். தண்ணீரில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத துகளாய்ப் பிரிந்து, துளிக்குத் துளி குடியேறிவிடும். தண்ணீர் நுழையும் ஓட்டையில் அதுவும் நுழையும். ஐயா டம்ளரைத் தூக்கிப் பார்த்து, “தெளிஞ்சிருச்சு பாருங்க” என்றார். தெளிந்தது உண்மை. குடித்துப் பார்த்தாரா?

பாவாயி அக்கா குடித்தார். அன்று முதல் அவர் களிக்கு உப்பே போடுவதில்லை. அங்கே என்னம்மா சிரிப்பு? “எங்கூட்டுச் சோத்துக்கும் போடறதில்லீங்க” என்கிறீர்களா? சிரியுங்கள். என் மிளகு நாற்று சிரிக்கவில்லை. இந்தத் தண்ணீரைக் குடித்து இலையெல்லாம் ஓரம் கருகி நிற்கிறது. இந்த மழைக்கு நட என்னிடம் ஒரு கொடி இல்லை. வயிறு எரிகிறது, ஐயா.

அந்த அடுப்பு காப்பிக்கு என்று நினைத்திருப்பீர்கள். இல்லீங்க. வாணலியில் இருந்தது உங்கள் வடிகட்டி வழியே வந்த தண்ணீர். அக்கா, வத்திருச்சுங்களா?

“வத்திருச்சு கண்ணு. வெள்ளையாப் படிஞ்சு கெடக்குது.”

கேட்டீர்களா? தண்ணீர்தான் ஆவியாகப் போனது. உப்பு எங்கேயும் போகவில்லை. கரைந்தது காணாமல் போனதாகாது, ஐயா. எங்கள் புகாரும் அப்படித்தான்.

வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இந்த மலையில் இல்லை. பொன்னாடைக்குப் பதிலாக, இந்த உப்பைச் சுரண்டிப் பொட்டலம் கட்டித் தருகிறோம். நீங்கள் பிடுங்கிய குழாய் தொட்டிக்குப் பின்னால்தான் கிடக்கிறது. மாட்டிவிட்டுப் புறப்படுங்கள். அதுவரை இந்தத் தாய்மார்கள் உங்கள் ஜீப்புக்கு முன்னால் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். தாகம் எடுத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், தண்ணீர் தருவார்கள். வடிகட்டியதுதான்.

பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும், பொறுமை இழந்து கேட்ட ஐயாவுக்கும் நன்றிங்க, வணக்கமுங்க.