கட்டைவிரல் மறைத்த வரி

— சத்தம் போடாதீங்கம்மா, இது லைப்ரரி.

— நான் எங்க சார் போட்டேன்? உங்க மேசைப் பலகைதான் டொம்முன்னு விழுந்துச்சு. பேர்ப் பலகையா? ஏன் கவுந்து கிடக்கு?

— அது... தூசி தட்டலாம்னு. நீங்க என்ன தேடி வந்தீங்க?

— ஒரு ஆளைப் பத்தித் தெரியணும். இந்தச் சீட்டுல பேர் இருக்கு. என்ன சார், பேயைப் பார்த்த மாதிரி முழிக்கறீங்க?

— கண்ணாடி மாத்தணும். எதுக்கும்மா இவரைப் பத்தி? கட்டுரை எழுதறீங்களா?

— மாப்பிள்ளை விசாரிக்கறேன்.

— அட! ஆனா உங்களுக்கு இவர் கொஞ்சம்... வயசு...

— எனக்கில்ல சார். எங்க அம்மாவுக்கு.

— ஓ. அம்மா என்ன சொன்னாங்க?

— பேரு மட்டும்தான். மீதிய நீயே பார்த்துத் தெரிஞ்சுக்கோன்னுட்டாங்க.

— அப்பாடா... அதாவது, அப்படியான்னு கேட்டேன். இருங்க, பிரமுகர் கையேடு எடுக்கறேன். இந்த ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் இதுல இருப்பாங்க. இதோ.

— இதுவா? அய்யோ, எவ்வளவு சுருட்டை முடி!

— பழைய படம்மா. அந்த முடியை நம்பி எந்த முடிவுக்கும் வராதீங்க.

— தொழில்னு போட்டிருக்கே... விரலை எடுங்க சார், படிக்க முடியல.

— அங்க மை பரவிப் போச்சு. அடுத்த வரியப் படிங்க.

— "ஏரி விபத்தின்போது நடந்த மீட்புப் பணியில் பங்கேற்றவர்." பரவாயில்லையே! தைரியசாலிதான்.

— ம்...

— அவ்வளவுதான் சார், போதும். கிளம்பறேன்.

— அதுக்குள்ளயா? ஒரே புத்தகத்தைப் பார்த்துட்டா?

— எங்க அப்பா போனப்புறம் அம்மா வாய் விட்டுச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல சார். இப்ப போனைப் பார்த்துச் சிரிக்கறாங்க. சமையல்கட்டுல பாட்டு வேற. எனக்குப் பயமா இருக்கு. இந்த ஆள் புளுகனா இருந்தா, அம்மா மறுபடி பழைய மாதிரி ஆயிடுவாங்க. நல்லவர்னே போட்டிருக்கு. அது போதும்.

— உட்காருங்கம்மா.

— ஏன், என்ன?

— இந்தக் கையேட்டுல இருக்கறதெல்லாம் அவங்கவங்களே எழுதிக் கொடுத்தது. நாங்க இதை மட்டும் வெச்சு யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். அந்த விபத்து நடந்த வருஷத்துப் பேப்பரையும் பார்க்கணும். இருங்க, தொகுப்பைக் கொண்டு வர்றேன்... அப்பப்பா, என்ன கனம்... இந்தாங்க. மூணாம் பக்கம், கீழ, சின்னதா.

— நீங்களே படிங்க.

— நானா? சரி... "ஏரிக்கரையில் நின்று படகுப் போட்டியை வேடிக்கை பார்த்த இளைஞர் கால் இடறித் தண்ணீரில் விழுந்தார். நீச்சல் தெரியாமல் தவித்த அவரை... அவரை... படகோட்டிகள் முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தனர்."

— அந்தச் சுருட்டை முடியையா?

— சிரிக்காதீங்கம்மா!

— அப்போ மீட்புப் பணியில பங்கேற்றவர்னா...

— மீட்கப்பட்டவர். அந்த ஆள் சின்ன வயசுல கொஞ்சம் அளந்து விட்டிருக்கான். வெக்கக்கேடு. அம்மாகிட்ட மறைக்காம சொல்லிடுங்க. அப்புறம் அவங்க வேண்டாம்னு சொன்னாலும்... சரிதான்.

— இது உங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு வருத்தம்? முகமெல்லாம் வேர்த்திருச்சு.

— ஃபேன் ஓடல.

— தலைக்கு மேல ஓடுது. இந்தப் பேப்பரை நான் போன வாரமே பார்த்துட்டேன் சார். நீங்க லீவுல இருந்தீங்க. உங்க உதவியாளர் எடுத்துக் கொடுத்தாங்க. கையேட்டுல உங்க தொழில் நூலகர்னு இருக்கறதையும் அப்பவே படிச்சுட்டேன், மை எங்கயும் பரவல.

— அப்ப... நான் யாருன்னு...

— தெரிஞ்சுதான் வந்தேன். இதை மறைப்பீங்களா, காட்டுவீங்களான்னு பார்க்கணும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

— உங்க அம்மா அனுப்பின போட்டோல உங்களைப் பார்த்திருக்கேன்மா. நீங்க கதவைத் திறந்ததுமே பலகையை நான்தான் கவுத்துப் போட்டேன்.

— அது தெரியும். முதல்ல அதை நிமிர்த்தி வைங்க. அம்மா கீழ படிக்கட்டுல காத்திட்டிருக்காங்க, போய்க் கூட்டிட்டு வாங்க. ஒண்ணு மட்டும், ஏரிப் பக்கம் போனா அவங்க கையை விட்டுடாதீங்க. அவங்களுக்கு நல்லா நீச்சல் தெரியும்.