தொலைந்த ஆடும் ‘தொலை’ என்ற சொல்லும்

தன் நேரத்தை நமக்குத் தந்து தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! சொல்லில் சுருக்கமும் செயலில் சுறுசுறுப்பும் கொண்ட செயலாளர் அவர்களே! முதுமையையும் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற அச்சத்தோடு அரைமனதாய் அமர்ந்திருக்கும் அன்னையர்களே! கைதட்டக் காத்திருப்பவர்களே, கலைந்துபோகக் காத்திருப்பவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? மன்னியுங்கள், மைக்கைக் கொஞ்சம் கிட்டே வைத்துக்கொள்கிறேன். என் குரல் வீட்டிலேயே பாதிதான் கேட்கும்.

நம் குடியிருப்பின் ஆண்டு விழாவில், நாம் அடிக்கடி சொல்லும் ஒரு தொடரை எடுத்து விளக்கும்படி செயலாளர் கேட்டிருந்தார். ‘காணாமற்போன ஆடு’ என்ற தொடரையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். நானும் ஒழுங்காகத் தயாரித்தேன். முதலில் கதை, அடுத்தது சொல், கடைசியில் பயன். ஆனால் இன்று மத்தியானத்தோடு அந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று மேடை ஏறும்வரை தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

உங்கள் எல்லோருக்கும் செய்தி தெரியும். இரண்டாம் மாடி லிஃப்ட்காரர் மத்தியானம் வெளியே போனவர், இன்னும் திரும்பவில்லை. மருத்துவமனை லிஃப்டை ஆயுள் முழுவதும் இயக்கி ஓய்வு பெற்றவர். மறதி நோய்க்காரர். இருட்டிக்கொண்டு வருகிறது. அவர் மனைவி, நம் தையல்கார அம்மா, அதோ ஓரத்து நாற்காலியில் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தனியாக இருக்க வேண்டாம் என்று நாம்தான் கொண்டுவந்து உட்கார வைத்தோம்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். இயேசு சொன்ன கதை. ஒருவனுக்கு நூறு ஆடுகள். ஒன்று காணவில்லை. தொண்ணூற்றொன்பதையும் அப்படியே விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். கிடைத்ததும் தோளில் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியோடு வருகிறான். இவ்வளவுதான் கதை.

இதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? பரீட்சையில் தோற்ற பையனா? வழி தவறிய ஆடு! வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட பெண்ணா? வழி தவறிய ஆடு! கட்சி மாறியவரா? கடன்பட்டவரா? ஆடு, ஆடு, ஆடு! தவறு முழுவதும் ஆட்டின் தலையில்! ஆனால் பைபிளில் இந்தக் கதையை இரண்டு பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவர், ஆடு வழி தப்பியது என்கிறார். இன்னொருவர், உடையவன் அதைத் தொலைத்தான் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நான் படித்தது தவறென்றால் பெரியவர்கள் திருத்த வேண்டும். தொலைந்தது ஆடு, தொலைத்தது யார்? இந்தக் கேள்வி இருக்கிறதே, அது ஆட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘தொலை’. தமிழில் இந்தச் சொல்லை நாம் படுத்தும் பாடு இருக்கிறதே! வந்து தொலை, தின்று தொலை, சொல்லித் தொலை, குளித்துத் தொலை! இலக்கணத்தில் இதற்குத் துணைவினை என்று பெயர். எரிச்சலைக் காட்ட வருவது என்பார்கள். சரிதான். ஆனால் இந்த எரிச்சலை யாரிடம் காட்டுகிறோம்? ‘தலைவர் அவர்களே, பேசித் தொலையுங்கள்’ என்று எவராவது அழைத்தோமா? சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார், நல்லது. ஊரானிடம் இந்தச் சொல் நம் வாயில் வராது. வீட்டு மனிதரிடம்தான் வரும். நாளெல்லாம் கூடவே இருப்பவரிடம், எங்கும் போய்விட மாட்டார் என்று நாம் நிச்சயமாய் நம்புகிறவரிடம் மட்டுமே வரும்.

இன்று மத்தியானம் வந்தது. இதைச் சொல்ல அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டேன். “சொல்லுங்கண்ணா, ஆளாளுக்கு ஒண்ணு பேசுறதுக்கு நடந்ததையே சொல்லிடுங்க” என்றார்.

லிஃப்ட்காரரை உங்களுக்குத் தெரியும். நம் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆனாலும் படிக்கட்டின் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவரை எல்லாம் “எந்த மாடி?” என்று கேட்பார். மூன்றே மாடிக் கட்டடத்தில் நம் பிள்ளைகள் “பத்தாவது மாடி, தாத்தா!” என்பார்கள். “கதவு மூடுது, கை பத்திரம்” என்று இல்லாத கதவை இழுத்து மூடுவார். பிள்ளைகள் மூச்சு வாங்க மாடி ஏறுவார்கள், அவர் லிஃப்டில் அனுப்பிவைத்த திருப்தியோடு உட்கார்ந்திருப்பார்.

இன்று அந்த அம்மாவுக்குப் பள்ளிச் சீருடை அவசரம். மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்திருக்கிறது. இவர் பக்கத்தில் நின்று, “நான் எங்க போகணும்?” என்று கேட்டிருக்கிறார்.

“எங்கேயும் போக வேணாம். உக்காருங்க.”

“சரி. நான் எங்க போகணும்?”

மறுபடி நூல் அறுந்தது. மறுபடி அதே கேள்வி. அந்த அம்மா சொல்லிவிட்டார்: “எங்கேயாவது போய்த் தொலைங்க!”

“சரி” என்றாராம். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பார் என்று அந்த அம்மா நினைத்தார். டீயை எடுத்துக்கொண்டு கீழே வந்து பார்த்தால் ஸ்டூல் மட்டும் இருக்கிறது.

நாமெல்லாம் கோடி முறை கேட்டிருக்கிறோம், ‘போய்த் தொலை’ என்று. போனாலும் யாராவது தொலைந்தோமா? முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு இரண்டாம் பாதியை உதறிவிட நமக்குத் தெரியும். அவருக்கு அந்த வித்தை மறந்துவிட்டது. மனைவி சொன்ன இரண்டு சொல்லையும் மதித்தார். போகவும் போனார், தொலையவும் தொலைந்தார்.

நான் மேடை ஏறும்போது, நடு வரிசையில் ஒரு குரல் கேட்டது: “பொண்டாட்டி வாய்க்குப் பயந்து ஓடிட்டாரு போல!” ஒரு சிரிப்பும் கேட்டது. இன்னொரு குரல், “நோயாளிகிட்ட இப்படியா பேசுறது?” என்றது. யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவும் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். அவருக்குத் தினமும் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது யார்? ராத்திரி எழுந்து கதவைத் திறப்பாரே என்று தூங்காமல் கிடந்தது யார்? ஒரு சொல் தவறி விழுந்ததற்கு அத்தனை நாளையும் அழித்துவிடலாமா? அவர் வாசலைத் தாண்டும்போது விழாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோமே, அத்தனை பேரில் யாராவது “எங்கே போறீங்க?” என்று கேட்டோமா? தொலைத்தது அந்த அம்மா ஒருவர்தானா? நூறு பேர் குடியிருக்கும் இடத்தில் தொலைத்தது ஒருவர் மட்டுமா?

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தெரிகிறது ஐயா. நீங்களும் மனதுக்குள் ‘முடித்துத் தொலை’ என்று சொல்லக்கூடும். அந்த உரிமை உங்களுக்கு உண்டு, நானும் வீட்டு மனிதன்தானே.

விழாவை நிறுத்தலாமா என்று மாலையில் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். செயலாளர், “போலீஸ்ல சொல்லியாச்சு சார், மகன் வண்டியில தேடிட்டு இருக்கார், மைக்லயும் சொல்லிட்டோம், வேற என்ன செய்ய முடியும்?” என்றார். நல்ல மனிதர், தவறாகச் சொல்லவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் கதையை மறுபடி புரட்டிப் பார்த்தேன். அந்தக் கதையில் ‘முடிந்தவரை தேடினான்’ என்று இல்லை. கிடைக்கும்வரை தேடினான் என்றுதான் இருக்கிறது!

மைக்கில் என்ன சொன்னோம்? அவருடைய பெயரையும் தகப்பனார் பெயரையும் முழுமையாகச் சொல்லி, ‘எங்கிருந்தாலும் உடனடியாக விழா மேடைக்கு வரவும்’ என்றோம். அழகான தமிழ். யாருக்குப் புரியும்? தன் பெயரே நினைவில்லாதவருக்கா? காவலர் வந்தபோது அந்த அம்மாவிடம் கேட்டார்: “பேர் சொன்னா திரும்புவாரா?”

“திரும்ப மாட்டாரு.”

“பின்னே நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?”

“‘ஏங்க’ன்னு கூப்பிடுவேன். அதுக்குத் திரும்புவாரு.”

காவலர் சிரித்தார். “அப்படிக் கூப்பிட்டா தெருவுல பாதிப் பேரு திரும்புவாங்கம்மா” என்றார். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவருடைய முழுப்பெயரை எழுதிக்கொடுத்தோம்.

அங்கேதான் தவறிவிட்டோம். அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. வேலை ஒன்று, அந்தக் குரல் ஒன்று, இரண்டுதான் மிச்சம். ‘ஏங்க’ என்ற அந்த ஒரு சொல்லை, அந்த ஒரு குரலை நாம் இன்னும் கேட்க விடவில்லை. நாமே மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நானும்தான்.

அன்பர்களே, அந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளையும் நிமிர்ந்து பாருங்கள். இரண்டும் எந்தப் பக்கம் பார்க்கின்றன? நம்மைப் பார்க்கின்றன! பத்திரமாக உட்கார்ந்திருக்கும் தொண்ணூற்றொன்பது பேரைப் பார்த்து, காணாமற்போன ஒருவருக்கு அறிவிப்புச் செய்திருக்கிறோம்!

மைக் செட் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவற்றைத் தெருப்பக்கம் திருப்ப முடியுமா? ஒன்று கடைவீதியைப் பார்க்கட்டும், இன்னொன்று ரயில் தண்டவாளம் இருக்கும் பக்கம் பார்க்கட்டும். சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டுங்கள். தலைவர் அவர்களே, உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சரி என்று தலையசைக்கிறார். நன்றி ஐயா, நன்றி.

இளைஞர்கள் எழுந்திருங்கள். தெருவுக்கு இரண்டு பேராகப் போங்கள். லிஃப்ட் உள்ள கட்டடம் எதைப் பார்த்தாலும் உள்ளே போய்ப் பாருங்கள். மற்றவர்கள் தயவுசெய்து பேசாதிருங்கள். கைதட்ட வேண்டாம். அவர் பதில் கொடுத்தால் நமக்குக் கேட்க வேண்டும்.

தொடருக்குப் பொருள் சொல்ல வந்தவன் நான். சொன்னேனா என்று தெரியவில்லை. காணாமற்போன ஆடு என்றால் தேடப்படுகிற ஆடு. யாரும் தேடாத ஆட்டுக்கு அந்தப் பெயர்கூடக் கிடைக்காது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பாதியில் எழுந்து வாசலுக்கு ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும், அவர்களுக்கு இரண்டு மடங்காகவும், என் நன்றி. வணக்கம்.

அம்மா, இப்படி வாங்க. பார்த்து, வயர் காலைத் தடுக்கும். இதைப் பிடிச்சுக்கோங்க.

“எல்லார் முன்னாடியும் எப்படிண்ணா…”

யாருமே இல்லைன்னு நினைச்சுக்கோங்கம்மா. வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க.

“ஏங்க… ஏங்க! எங்க இருக்கீங்க? சாப்பிடக்கூட இல்லையே நீங்க… இருட்டிப்போச்சுங்க. வந்து தொலைங்க.”