கோட்டில் நிற்காத காந்தாரம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் சபாத் தலைவர் அவர்களே, தொடையில் தாளம் தட்டியபடியே என் பேச்சைப் பொறுத்துக்கொள்ளப் போகும் பெரியோர்களே, பாட்டுக்கும் பாட்டுக்காரருக்கும் பரிந்து வாதாடும் தாய்மார்களே, கேன்டீனில் சூடான அடையைத் துறந்து வந்த தியாகச் செம்மல்களே, வணங்குகிறேன்!

வயலினோடு வயதானவள் நான். என் வில் பேசும் அளவுக்கு வாய் பேசாது. ஆனாலும் இன்று பேசியே ஆக வேண்டும். நப்பின்னை என்ற பெண்ணை நம் போட்டியின் இறுதிச் சுற்றிலிருந்து நீக்கியிருக்கிறோம். ஏன்? குரல் கம்மியதா? தாளம் தப்பியதா? இல்லை ஐயா, இல்லை! திரையில் கோடு சரியில்லையாம்!

இந்த ஆண்டு நம் சபாவில் ஒரு புதுமை. பாடுபவர் குரல் ஏறி இறங்குவதைக் கணினி கோடாக வரைகிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு படி. குரல் படியில் நின்றால் மதிப்பெண். நப்பின்னை தோடி ராகம் பாடினாள். கேட்டவர் கண் கசிந்தது. கணினியோ அதில் வரும் 'க' என்ற காந்தார ஸ்வரத்துக்குச் சுழியம் போட்டது!

நப்பின்னையையும் அழைத்துக்கொண்டு, கணினியை அமைத்த பொறியாளர் சுந்தரவரதனிடம் போனேன்.

"ஏம்பா, இவ பாடினதுல காந்தாரம் உன் காதுல விழுந்துதா இல்லையா?"

"நல்லா விழுந்துது மாமி. ஆனா படத்துல நிக்கவே இல்லையே! ரிஷபத்துலேருந்து எழும்பி மத்யமத்தத் தொட்டுட்டுத் திரும்புது. காந்தாரத்தக் கடந்து கடந்து போறது."

"சரி, பழைய வித்வான் யாரோட தோடியாவது போடு."

போட்டார். கோட்டில் அதே அலை. அதே சுழியம்.

"அப்ப அவரும் ஃபெயிலா?" என்றேன். பொறியாளர் நப்பின்னையின் அலையைக் கணினியாலேயே இழுத்து, காந்தாரப் படியில் நிறுத்தி ஒலிக்கவிட்டார். பக்கத்தில் நின்ற அவள் சொன்னாள்: "சார், இது தோடி இல்ல. தோடி வீட்டுக்கு வழி கேட்டுட்டு நிக்கற ஆளு!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! சுந்தரவரதன் சிரிக்கவில்லை. "படத்து மேல தப்பில்ல மாமி. நிக்கறத மட்டும் எண்ணச் சொன்னது நான்தான்" என்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆம், படம் பொய் சொல்லவில்லை! காந்தாரம் இருக்குமிடத்தில் இல்லை, போகும் போக்கில் இருக்கிறது என்று காது கண்டதைக் கண்ணுக்கும் காட்டியது. நாம்தான் படத்தைப் பார்த்தோம், பாட்டைப் பார்க்கவில்லை. என்ன, பின்வரிசையில்? "சட்டம் சட்டம்தானே" என்கிறீர்களா? எழுதியது நாம்தானே ஐயா, அழித்தால் கை தேய்ந்துவிடுமா?

நேற்றுப் பயிற்சிக் கூடத்தைக் கடந்து போனேன். மற்ற பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகக் காந்தாரத்தை ஆணியடித்து நிறுத்திப் பாடுகிறார்கள். ஒரு பெண்ணை நீக்கியதோடு முடியவில்லை. தோடியையே நீக்கத் தொடங்கிவிட்டோம்!

தலைவர் அவர்களே, தீர்ப்பு தங்கள் கையில். நப்பின்னை இறுதிச் சுற்றில் பாடலாமா?

அதோ பாருங்கள், தலைவரின் தலை! மேலே போகிறது, கீழே வருகிறது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஆனாலும் அவர் "சரி" என்றது இந்த அவையில் யாருக்காவது புரியாமல் போனதா?

கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம். வாம்மா நப்பின்னை, வந்து பாடு!