பரிசு வாங்கிய வால்நட்சத்திரம்

பொலிக்ஸெனி: கதவைச் சாத்தாதீங்க ஸ்ட்ராட்டோஸ் அண்ணே! பதில் வாங்காம நகர மாட்டேன்.

ஸ்ட்ராட்டோஸ்: எதுக்கும்மா துறைமுகம் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தற? ஏதென்ஸ்லேர்ந்து இப்பதான் வந்து எறங்கினேன். உள்ள வா, காபி போடறேன்.

பொலிக்ஸெனி: உங்க காபி உங்களுக்கே இருக்கட்டும். பக்கத்து வீட்டை இடிக்க வெச்சுட்டு காபியா?

ஸ்ட்ராட்டோஸ்: நான் இடிச்சேனா? கேமராவைத் தவிர வேற எதையும் கையால தொட்டவன் இல்ல நான்.

பொலிக்ஸெனி: அதான்! அந்தக் கேமராதான் குடியைக் கெடுத்துச்சு! நகராட்சி ஆபீஸ்ல பெருசா மாட்டியிருக்காங்களே, உங்க வால்நட்சத்திரப் படம்...

ஸ்ட்ராட்டோஸ்: முதல் பரிசு வாங்கின படம்.

பொலிக்ஸெனி: அதுல வானம் மட்டுமா இருக்கு? கீழ என் வீடும் இருக்கு. மொட்டையா! மாடி அறை இல்லாம!

ஸ்ட்ராட்டோஸ்: படத்துல இல்லைன்னா அப்ப இல்லைன்னுதான் அர்த்தம்.

பொலிக்ஸெனி: இதையேதான் அந்த நகராட்சி இன்ஜினியரும் சொல்றான். "அஞ்சு வருஷம் முன்னாடி, ஜூலைல ஒரே வாரம் தெரிஞ்ச நட்சத்திரம்மா இது. இனி ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு வராது. சட்டப்படி அந்த ஜூலைக்கு முன்னாடி அனுமதியில்லாம கட்டியிருந்தா அபராதத்தோட விடுவோம். அப்புறம் கட்டினதுன்னா இடிப்புதான்"ங்கறான். பத்து நாள் கெடு! என் மகனும் மருமகளும் அங்கதான் குடியிருக்காங்க!

ஸ்ட்ராட்டோஸ்: அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

பொலிக்ஸெனி: அழகுக்காகப் படத்துலேர்ந்து அறையை அழிச்சிட்டேன்னு எழுதிக் குடுங்க.

ஸ்ட்ராட்டோஸ்: அழிச்சேனா? நானா?... வார்த்தையை அளந்து பேசு பொலிக்ஸெனி! ஒரு கரண்ட் கம்பியைக்கூட அழிக்காதவன் நான். சூரியன் எறங்கி முழுசா இருட்டறதுக்குள்ள இருபது நிமிஷம்தான். ட்ரைபாட், எட்டு செகண்ட், ஒரே க்ளிக்! ரெண்டு படத்தை ஒட்டுப்போடறவனையெல்லாம் எங்க போட்டோ சங்கத்தை விட்டே துரத்தினவன்!

பொலிக்ஸெனி: தெரியும், தெரியும். பேக்கரி யோர்டானிஸ் அழுதுட்டுப் போனாரே.

ஸ்ட்ராட்டோஸ்: நிலாவை ஒட்டினான். துரத்தினேன். உண்மைன்னா உண்மை!

பொலிக்ஸெனி: சரி... உண்மையே பேசுவோம். படத்துல என் புகைபோக்கியிலேர்ந்து புகை வருதே?

ஸ்ட்ராட்டோஸ்: அது தனி அழகும்மா. மேல வால், கீழ புகைன்னு நடுவர்களே பாராட்டினாங்க.

பொலிக்ஸெனி: ஜூலை மாசத்துலயா?

ஸ்ட்ராட்டோஸ்: ...ஆக்டோபஸ் சுட்டிருப்ப.

பொலிக்ஸெனி: ஆக்டோபஸை நான் முற்றத்துல கரியில சுடுவேன். அது குளிர்கால கணப்போட புகைபோக்கி. நாப்பது டிகிரி வெயில்ல எவ கணப்பு மூட்டுவா?

ஸ்ட்ராட்டோஸ்: பழைய காகிதம் கீகிதம் ஏதாவது...

பொலிக்ஸெனி: அண்ணே. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

ஸ்ட்ராட்டோஸ்: இரு, காபி வெச்சுட்டு வர்றேன்.

பொலிக்ஸெனி: யோர்டானிஸைக் கூப்பிட்டு அந்தப் புகையைக் காட்டட்டுமா?

ஸ்ட்ராட்டோஸ்: மெதுவா... மெதுவாப் பேசு! சன்னல் தெறந்திருக்கு!

பொலிக்ஸெனி: இப்ப யார் கத்தறது?

ஸ்ட்ராட்டோஸ்: அந்த வாரம் பூரா கப்பல்காரங்க வேலைநிறுத்தம்மா, இந்தத் தீவுக்கு வர வழியில்ல. நான் ஏதென்ஸ்ல மாட்டிக்கிட்டேன். அங்கயே ஒரு மலை மேல ஏறித்தான் எடுத்தேன். வெறும் வானம். போட்டியில சொந்த ஊரும் தெரியணும்னாங்க. அதே வருஷம் ஜனவரியில இங்க வந்தப்ப எடுத்த உன் வீடு கைவசம் இருந்துச்சு...

பொலிக்ஸெனி: ஒட்டிட்டீங்க.

ஸ்ட்ராட்டோஸ்: ஒட்டிட்டேன்.

பொலிக்ஸெனி: அந்த ஜூலைல நீங்க இங்க இல்லைன்னு எனக்குத் தெரியாதா? உங்க செடிக்குத் தண்ணி ஊத்தினது யாரு?

ஸ்ட்ராட்டோஸ்: அப்ப வந்ததுமே முகத்துல அடிச்ச மாதிரி கேட்டிருக்கலாமே?

பொலிக்ஸெனி: அறையை அழிச்சேன்னா சின்ன அவமானம். நட்சத்திரத்தையே ஒட்டினேன்னா ஊர் சிரிக்கும். உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் சின்னதைக் கேட்டேன். நீங்கதான் என்னவோ அரிச்சந்திரன் மாதிரி துள்ளினீங்க!

ஸ்ட்ராட்டோஸ்: பேப்பரைக் குடு. "வீடு ஜனவரியில எடுத்தது. வால்நட்சத்திரம் பிறகு சேர்த்தது." போதுமா? இனி அந்தப் படத்தை வெச்சு உன் வீட்டுல ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. என் பரிசு போச்சு. சங்கத் தலைவர் பதவியும் போச்சு.

பொலிக்ஸெனி: கையெழுத்து.

ஸ்ட்ராட்டோஸ்: போடறேன், போடறேன்... இந்தா. மன்னிச்சிரும்மா. ஒரு பரிசுக்காக, நெசமா நின்னுக்கிட்டிருந்த அறையை இடிக்க வழி பண்ணிட்டேனே.

பொலிக்ஸெனி: விடுங்க. மை காயட்டும், மடிக்காதீங்க... இப்படிக் குடுங்க.

ஸ்ட்ராட்டோஸ்: ஒண்ணு மட்டும் சொல்லு. இங்கேர்ந்து அந்த வால்நட்சத்திரத்தைப் பாக்க எனக்குத்தான் குடுத்து வெக்கல. உன் மாடி அறையிலேர்ந்து நல்லாத் தெரிஞ்சிருக்குமே?

பொலிக்ஸெனி: பிரமாதமாத் தெரிஞ்சுதுண்ணே! ஏழு சாயங்காலமும் மொட்டை மாடியில நாலு நாற்காலி போட்டு உக்காந்து பாத்தோம். அப்பதான் என் மகன் கேட்டான், "அம்மா, இங்க ஒரு அறை கட்டினா என்ன?"ன்னு.